மேற்பார்வைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்
இலங்கையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் களப்பணியை மேற்பார்வையிடும் மூத்த அலுவலர். மக்கள் வாயில் இவரும் ‘பி.எச்.ஐ. ஐயா’தான். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைதான் இவர் பணியாற்றும் இன்றைய சுகாதார மருத்துவ அதிகாரி பிரிவுகளின் முன்னோடி. கண்டி போன்ற மாநகர சபைகளுக்குச் சொந்தப் பரிசோதகர்கள் உண்டு. நக்கிள்ஸ் மலைச்சாரலில், பன்வில பிரதேசத்திலுள்ள மடுல்கெல்ல போன்ற தேயிலை ஊர்களில் வேலை வேறு மாதிரி: பீலித் தண்ணீர், லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கக்கூஸ், கூரைப் பீலியில் தேங்கிய நீரில் நெளியும் புழு. தோட்ட நிர்வாகம் ஒத்துழைக்காவிட்டால் பாதி வேலை நடக்காது. கடைகளைச் சோதிக்க 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும், நுளம்பு பெருகும் இடங்களுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டமும் கைகொடுக்கின்றன. பரிசோதகர் வழக்குத் தொடரலாம். அபராதம் விதிப்பது நீதவான் நீதிமன்றமே.