ஒன்பதாவது உறுப்பினர்

சென்ற வாரம் திகில் பட நடிகர் லான் சானியின் மறைவோடு நிறுத்தியிருந்தோம். அவர் 1930 ஆகஸ்டில் காலமானார். அடுத்த பதினைந்தே மாதங்களில் அவருடைய இடம் நிரம்பிவிட்டது. நிரப்பியவர் போரிஸ் கார்லாஃப். இவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் ஒரே முரணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். திரையில் குலைநடுங்க வைத்தவர், நேரில் கிரிக்கெட்டும் தோட்டமுமாக வாழ்ந்த சாது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? சாதுவான மனிதர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். கார்லாஃபின் வாழ்க்கையில் வரலாற்றுக்கு உரிய செய்தி வேறு ஒன்று. பார்வையாளரைப் பயமுறுத்துவதை அவர் உடம்பால் செய்யும் கடும் உழைப்பாகச் செய்தார். உழைப்பு என்று தெரிந்துகொண்டே செய்தார். ஹாலிவுட் நடிகர்கள் தங்களைத் தொழிலாளர்கள் என்று சொல்லிக்கொள்ளத் தயங்கிய காலத்தில் சங்கம் தொடங்கிய மிகச் சிலரில் அவர் இருந்ததற்கு அடிப்படை அதுதான். அவருடைய நடிப்பை ஒரு புத்தகத்திலும் சங்கப் பணியை அடிக்குறிப்பிலும் எழுதும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887 நவம்பர் 23 அன்று லண்டனில் பிறந்தவர், ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை இந்தியாவில் உப்பு வரித்துறை அதிகாரியாக இருந்தவர். குடும்பத்தில் இந்திய ரத்தக் கலப்பும் உண்டு. அண்ணன்மார் அரசுப் பணிக்குப் போனார்கள், ஒருவர் சீனாவில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியானார். கடைசித் தம்பியையும் அந்த வழியில் அனுப்பத்தான் படிக்க வைத்தார்கள். அவரோ 1909-ல் கனடாவுக்குக் கப்பலேறிவிட்டார். பண்ணைக் கூலி வேலை செய்தார், ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களில் சேர்ந்தார், போரிஸ் கார்லாஃப் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1919 வாக்கில் ஹாலிவுட்டில் கூட்டத்தில் ஒருவராக நிற்கத் தொடங்கி, பத்தாண்டுகளுக்கு மேல் சின்னச் சின்ன வேடங்களிலேயே காலம் தள்ளினார். வேடம் கிடைக்காத மாதங்களில் லாரி ஓட்டி, கட்டுமானச் சரக்கு ஏற்றி இறக்கினார். திரையில் அவர் பெயர் நிலைத்தபோது வயது நாற்பத்து நான்கு. இருபத்தைந்து வயதில் நட்சத்திரமானவருக்குக் கூலி, நேரம், முதுகுவலி எல்லாம் செவிவழிச் செய்தி. இவருக்கு அவை அன்றாடம்.

1931-ல் யூனிவர்சல் ஸ்டூடியோ ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தை எடுத்தது. இயக்குநர் ஜேம்ஸ் வேல். பிணங்களின் உறுப்புகளைத் தைத்து உருவாக்கப்பட்ட உயிருக்கு முதலில் பேசப்பட்ட பெயர் ‘டிராகுலா’வில் நடித்த பேலா லுகோசி. பிறகு அது கார்லாஃபுக்கு வந்தது. ஒப்பனை ஜாக் பியர்ஸ். தினமும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். பஞ்சையும் கொல்லோடியன் என்ற பசைத் திரவத்தையும் அடுக்கடுக்காக வைத்து நெற்றியை உயர்த்துவார்கள். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பிணத்தின் வெளிறலாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பச்சை கலந்த சாம்பல் நிறத்தைப் பூசுவார்கள். காலில் தார் போடும் தொழிலாளர்கள் அணியும் கனத்த பூட்ஸ். கலிஃபோர்னியாவின் ஆகஸ்டு, செப்டம்பர் வெயிலில் அந்தக் கனத்த உடுப்போடு நாள் முழுதும் நிற்க வேண்டும். கதாநாயகன் காலின் கிளைவைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றேறும் காட்சியை வேல் திரும்பத் திரும்ப எடுத்தார். முதுகு போயிற்று. பிற்காலத்தில் பல அறுவை சிகிச்சைகள், இடுப்புக்குப் பட்டை, காலுக்குத் தாங்கி என்று கடைசிவரை அது அவரை விடவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். அந்தப் பயங்கரம் பியர்ஸின் கைவேலை, வேலின் கண், ஒளிப்பதிவின் நிழல், நடிகர் உள்ளே நின்ற உடம்பு மட்டுமே என்பார்கள். பியர்ஸின் பங்கைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. அதே ஸ்டூடியோ, அதே பியர்ஸ், ஏறக்குறைய அதே முகத்தை வேறு மூன்று பேருக்குப் பொருத்தினார்கள். 1942-ல் இளைய லான் சானி, 1943-ல் லுகோசி, 1944-ல் கிளென் ஸ்ட்ரேஞ்ச். லுகோசிக்கு அநீதி நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேசுகிற, பார்வையற்ற உயிராக அவர் நடித்ததைப் படத்தொகுப்பில் வெட்டி, தடுமாறும் நடையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டார்கள். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மூவரில் எவரும் நம் நினைவில் நிற்கும் அந்த உயிராக ஆகவில்லை. முகம் ஒன்றாக இருந்தும் விளைவு வேறானால், வேறுபாடு முகத்துக்கு உள்ளே இருந்தவரிடம்தான் இருக்க வேண்டும்.

அது என்ன என்பதை ஒரே காட்சியில் பார்க்கலாம். ஆய்வகத்தின் கூரைக் கதவைத் திறக்கிறார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த உயிரின் மேல் வெளிச்சம் விழுகிறது. கார்லாஃப் தலையை மெல்ல நிமிர்த்துகிறார். எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்துகிறார். விரல்கள் வெளிச்சத்தைப் பிடிக்கத் துழாவுகின்றன. கதவு மூடுகிறது. கைகள் அப்படியே நிற்கின்றன, பிறகு உள்ளங்கைகள் மேல்நோக்கித் திறந்தபடி தன்னைப் படைத்தவன் பக்கம் திரும்புகின்றன. வசனம் இல்லை. இமைகள் கனத்துப் பாதி மூடியிருப்பதால் கண்ணும் அதிகம் உதவாது. அந்த மெழுகு இமைகளுமே கார்லாஃப் கேட்டு வாங்கியவை, கண் தெளிவாக இருந்தால் அறிவு வந்தவன் போலத் தெரிகிறது என்று அவர் நினைத்தார். வாயில் பொருத்தியிருந்த செயற்கைப் பல்வரிசையைக் கழற்றிவிட்டு ஒரு பக்கக் கன்னத்தைக் குழிய வைத்ததும் அவர்தான். உள்ளே நின்ற வெறும் உடம்பு இப்படியெல்லாம் யோசிக்காது.

ஏரிக்கரைக் காட்சி இன்னும் நல்ல சான்று. சிறுமி பூக்களைத் தண்ணீரில் மிதக்க விடுகிறாள், இந்த உயிரும் சேர்ந்து விளையாடுகிறது. பூக்கள் தீர்ந்ததும், மிதக்கும் என்று நம்பி சிறுமியையே தூக்கிப் போட்டுவிடுகிறது. அவளைத் தூக்கி எறிவதைக் கார்லாஃப் எதிர்த்தார். அந்த உயிரின் குணத்துக்கு அது பொருந்தாது என்பது அவர் கட்சி. வேல் தன் விருப்பப்படியே எடுத்தார். பிறகு தணிக்கையாளர்கள் தலையிட்டு, கைகள் சிறுமியை நோக்கி நீளும் இடத்தோடு வெட்டினார்கள். சிறுமி மீண்டும் திரையில் வருவது, இறந்த மகளைத் தகப்பன் சுமந்துவரும் காட்சியில்தான். இடையில் என்ன நடந்திருக்கும் என்று பார்வையாளர்கள் ஊகித்தது, வெட்டப்பட்டதைவிடப் பல மடங்கு கொடியது. 1980-களில்தான் அந்தத் துண்டு மீண்டும் சேர்க்கப்பட்டது. ஐம்பதாண்டுக் காலம் தன் நடிப்பின் பொருளையே மாற்றிவிட்ட ஒரு வெட்டைத் தடுக்க அந்த நடிகருக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை. படத்தின் தொடக்க டைட்டிலில் அந்த வேடத்துக்கு எதிரே நடிகரின் பெயரைக்கூடப் போடவில்லை, ஒரு கேள்விக்குறிதான் இருந்தது. விளம்பரத்துக்கு நல்ல உத்திதான். அதோடு, ஸ்டூடியோவின் கணக்கில் அவர் எந்த இடத்தில் இருந்தார் என்பதையும் அது காட்டுகிறது.

அடுத்த ஆண்டு ‘தி மம்மி’ வந்தது. மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் புதைந்து கிடந்த பூசாரி பெட்டிக்குள் கண் திறக்கும் காட்சி அதில் உண்டு. அந்த ஒரு காட்சிக்காகக் காலை 11 மணிக்கு ஒப்பனை தொடங்கியது. பஞ்சு, பசை, களிமண், உடம்பு முழுதும் கட்டுத் துணிகள். முடிந்தபோது மாலை 7. படப்பிடிப்பு அதிகாலை 2 மணி வரை நடந்தது. எல்லாவற்றையும் பிய்த்தெடுக்க மேலும் இரண்டு மணி நேரம். பதினேழு மணி நேர வேலை. திரையில் அந்தக் கட்டுப்போட்ட உருவம் தெரிவது சில கணங்கள். இதில் சட்டமீறல் ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நடிகருக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை, இத்தனை மணி நேரம் ஓய்வு என்று மீறுவதற்கு ஒரு விதியே அன்று கிடையாது.

1933 மார்ச்சில் வங்கிகள் மூடப்பட்டன. பணமில்லை என்று காரணம் சொல்லி, ஸ்டூடியோக்கள் எட்டு வாரங்களுக்குச் சம்பளத்தைப் பாதியாக்கின. ஆஸ்கர் வழங்கும் அகாடமிதான் அப்போது நடிகர்களுக்காகப் பேசும் அமைப்பாகக் கருதப்பட்டது. அது முதலாளிகளின் பக்கம் நின்றது. ஆனால் மேடைத் தொழிலாளர்கள் சங்கம் வெட்டை ஏற்க மறுத்தது, அவர்கள் சம்பளத்தில் கைவைக்க முடியவில்லை. முகம் தெரியாத தொழிலாளிக்கு முழுக் கூலி, முகம் தெரிந்த நடிகருக்குப் பாதி. இதைப் பார்த்து விழித்துக்கொண்ட நடிகர்கள் கென்னத் தாம்சன் என்பவரின் வீட்டில் கூடிப் பேசினார்கள். அந்த ஆண்டு ஜூன் 30 அன்று திரைப்பட நடிகர் சங்கம் பதிவானது. முதல் தலைவர் ரால்ஃப் மார்கன். கார்லாஃபின் உறுப்பினர் எண் 9. அதே ஜூன் மாதத்தில், ஒப்புக்கொண்ட சம்பள உயர்வைத் தள்ளிப்போட்ட யூனிவர்சலை விட்டு அவர் வெளியேறியும் இருந்தார்.

சங்கத்தைப் பிறப்பித்தது சம்பள வெட்டுதானே, ஒப்பனை நாற்காலிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சம்பள வெட்டுதான் பொறி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அது எல்லோரையும் தாக்கியது, முதலில் எழுந்தவர்கள் மட்டும் சிலர். அந்தச் சிலர் யார் என்று பார்த்தால் விடை கிடைக்கும். மார்கன், தாம்சன், ஆலன் மோபிரே, கார்லாஃப் எல்லோரும் பெரும்பாலும் குணச்சித்திர நடிகர்கள், மேடையிலிருந்து வந்தவர்கள். நாடக நடிகர்களுக்குச் சங்கம் இருந்ததையும், அது 1919-ல் வேலைநிறுத்தம் செய்து வென்றதையும் அறிந்த தலைமுறை. மாதத்துக்கு ஒரு படம் என்று ஓடி, நீண்ட நேர வேலையின் சுமையை நேரடியாகத் தாங்கியவர்களும் இவர்கள்தான்.

சங்கத்துக்குப் பலம் தந்தவர்கள் பெரிய நட்சத்திரங்கள்தான் என்பது இன்னொரு மறுப்பு. அக்டோபரில் எடி கேன்டர், ஜேம்ஸ் காக்னி போன்றவர்கள் திரளாகச் சேர்ந்த பிறகுதான் ஸ்டூடியோக்கள் திரும்பிப் பார்த்தன என்பது சரி. நடிகர் சம்பளத்துக்கு உச்சவரம்பு கொண்டுவரும் விதிகளை நிறுத்திவைக்க, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை நேரில் பார்த்துப் பேசியவரும் கேன்டர்தான். ஆனால் அக்டோபரில் ஓடி வந்து சேர ஒரு சங்கம் இருந்தது என்றால், ஜூனில் சிலர் துணிந்ததால்தான். கார்லாஃபுக்கு ஆபத்து இல்லாமலும் இல்லை. நாற்பத்தைந்து வயதில், ஒரே வகை வேடத்துக்குப் பெயர் வாங்கிய நடிகரை ஒரு ஸ்டூடியோ ஒதுக்கினால் அடுத்த கதவு திறக்கும் என்று என்ன உறுதி?

அவரை அப்பழுக்கற்றவராக்கும் நோக்கம் எனக்கில்லை. 1932-ல் எம்.ஜி.எம். தயாரித்த ‘தி மாஸ்க் ஆஃப் ஃபூ மான்சு’ படத்தில் வெள்ளையர்களை ஒழிக்கத் துடிக்கும் சீனக் கொடூரனாக நடித்தார். சீனத் தூதரகம் கண்டனம் தெரிவித்தது. அது சரியான கண்டனம். தன் குடும்பத்திலேயே ஆசிய ரத்தம் இருந்த ஒருவர் ஆசியர் மீதான வெறுப்புக்கு முகம் கொடுத்தார் என்பது வருத்தமான செய்தி. பசிக்காக நடித்தார் என்று சமாதானம் சொல்லலாம், அந்த ஆண்டு அவருக்குப் பசி இல்லை. மனிதரல்லாத உயிருக்கு மனித மனம் கொடுக்கத் தெரிந்தவருக்கு அங்கே அது கைகூடவில்லை, கதை அதற்கு இடமே வைக்கவில்லை.

ஸ்டூடியோக்கள் நான்கு ஆண்டுகள் சங்கத்தை ஏற்க மறுத்தன. 1937 மே மாதம், வேலைநிறுத்தம் நெருங்கிய நிலையில் இறங்கிவந்தன. நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் நடிகருக்கு 25 டாலர், சண்டைக் கலைஞருக்கு 35 டாலர், கூட்டத்தில் நிற்பவருக்கு ஐந்தரை டாலர் என்று முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குள் கார்லாஃப் உச்சத்துக்குப் போயிருந்தார். 1935-ல் வந்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் அவர் பெயரை வெறுமனே ‘கார்லாஃப்’ என்று போட்டார்கள். அந்த ஐந்தரை டாலரால் அவருக்கு லாபம் ஏதுமில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்து வேலை செய்தார். 1969 பிப்ரவரி 2 அன்று, 81-வது வயதில், இங்கிலாந்தில் காலமானார். அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் திருப்புமுனையாக 1931-ஐக் காட்டுகிறார்கள். என் தீர்ப்பு, 1931-ம் 1933-ம் ஒரே அத்தியாயம் என்பதுதான்.

ஜாக் பியர்ஸுக்கு இப்படி ஒரு முடிவு வாய்க்கவில்லை. அந்த முகங்களை எல்லாம் உருவாக்கியவரை 1940-களின் இரண்டாம் பாதியில் யூனிவர்சல் வெளியே அனுப்பிவிட்டது. அடுத்த வாரம் அவரைப் பார்ப்போம்.

(தொடரும்)