சண்பகம்: மரமும் பெயரும்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழர் இல்லங்களில் சண்பகத்தைக் காண்போர், அதனை நம் முன்னோர் கப்பலேற்றிக் கொணர்ந்தனர் என்று எண்ணுதல் இயல்பு. வரலாறோ வேறு கூறுகின்றது.

சண்பகம் இந்தியா முதல் சுமத்திரா, ஜாவா வரை இயற்கையாய் வளரும் மரம். மலாயாத் தீபகற்பமும் அவ்வெல்லையுள் அடங்கும். அதன் விதை உலர்ந்தால் முளைக்கும் ஆற்றலை விரைவில் இழந்துவிடும். நெடுங்கடற் பயணத்திற்கு அது ஏற்றதன்று.

இந்நாட்டிற்கு வந்தது பெயரே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களுள் சண்பகம் ஒன்று. திருநாகேச்சரத்தில் அதுவே தலமரம். வடமொழியின் 'சம்பக' என்னும் சொல் தமிழில் சண்பகமாகவும், மலாயில் 'செம்பாக்கா' ஆகவும் வழங்குகின்றது. கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைத்த இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பட்டது. அதில் உழைத்த தமிழர் வருவதற்கு நெடுநாள் முன்பே அச்சொல் மலாய்மொழியில் வேரூன்றியிருந்தது. அம்பாங் தடத்தில் 1996இல் திறக்கப்பட்ட நிலையமொன்றும் அப்பெயர் தாங்குகின்றது.

ஐரோப்பியரும் இப்பெயரை விட்டிலர். டச்சு ஆளுநர் வான் ரீடு, மலையாள வைத்தியர் இட்டி அச்சுதன் முதலியோர் துணைகொண்டு உருவாக்கிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் முதல் தொகுதி 1678இல் வெளிவந்தது. அதில் இம்மரம் 'சம்பகம்' என்றே இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ், இத்தாலிய அறிஞர் மிக்கேலியின் பெயரால் 'மிக்கேலியா சம்பகா' என்றார். இன்று இம்மரம் மக்னோலியா இனத்தில் சேர்க்கப்பட்டு 'மக்னோலியா சம்பகா' எனப்படுகின்றது. மிக்கேலியின் பெயர் நீங்கிற்று, சம்பகம் நிலைத்தது.

முப்பது மீட்டர் அளவும் உயரக்கூடிய இம்மரத்திற்கு வரிசை வீடுகளின் முற்றம் போதாது. ஆதலின் குட்டை வகையின் ஒட்டுக்கன்றைத் தேர்தல் நலம். விதைக்கன்று பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று சில ஆண்டுகளிலேயே பூக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் கனமழையில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆதலின் நீர் வடியும் மண்ணும், அடியில் துளையுள்ள பெரிய தொட்டியும் வேண்டும். சதைப்பற்றுள்ள அதன் வேர் அடிக்கடி இடம் மாற்றுவதைப் பொறாது. பூத்து ஓய்ந்தபின் நுனி கிள்ளினால் செடி அடக்கமாய்க் கிளைக்கும்.

அத்தொட்டிச் செடியைக் காட்டிப் பெயர் வரலாற்றை விளக்கும் ஆசிரியர், மாணவர்க்குத் தாவரநூலையும் சொல்லாராய்ச்சியையும் ஒருங்கே கற்பித்தவராவார். மலாய்த் தோழர் 'செம்பாக்கா' எனக் கூறும்போது, அது நம் சண்பகமே என அம்மாணவர் உணர்வர்.