படர்தாமரையைக் கண்டறிந்த வரலாறும் கண்டறியாமல் பூசிய வரலாறும்

நம் ஊர்த் தோல்நோய்ப் பிரிவுகளுக்கு வருவோரில் படர்தாமரைக்காரர்கள் ஏராளம். வட்டமாகப் படர்ந்து, ஓரம் சிவந்து, நடுவில் ஆறிக்கொண்டே போகும் இந்தப் பூஞ்சைத் தொற்றை யாரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் பழையது. அதன் மருத்துவ வரலாறோ வேறு கதை சொல்கிறது.

கண்ணால் பார்த்து வகைப்படுத்துவதன் சிக்கலை ஆயுர்வேத நூல்களிலேயே காணலாம். குட்டம் என்ற தோல்நோய்த் தொகுதியில் 18 வகை, அதில் 7 பெரியவை, 11 சிறியவை என்பதில் சரகமும் சுசுருதமும் ஒன்றுபடுகின்றன. ஆனால் படர்தாமரையோடு ஒப்பிடப்படும் ‘தத்ரு’வைச் சரகம் சிறியவற்றில் வைக்க, சுசுருதம் பெரியவற்றில் வைக்கிறது. காரணி தெரியாதபோது வகைப்பாடு இப்படித்தான் ஊசலாடும்.

காரணி 19ஆம் நூற்றாண்டில் தெரியவந்தது. 1830களின் இறுதியில் பெர்லினில் ரெமாக்கும் சூரிக்கில் ஷோன்லைனும் தலைப்படையின் பக்குகளில் பூஞ்சை இழைகளைக் கண்டனர். அவர்களைச் சாராமல், 1841 முதல் பாரிஸில் டேவிட் குரூபி தலைமுடியைத் தாக்கும் பூஞ்சைகளைத் தனித்தனியே விவரித்தார். பாக்டீரியாக் கொள்கை நிலைபெறுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, மனிதரின் ஒரு நோய்க்கு நுண்ணுயிரே காரணம் என்று காட்டிய ஆய்வுகள் இவை. இருந்தும் மருத்துவ உலகம் குரூபியை விரைவில் மறந்தது. அவர் கண்டதைப் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் மீட்டெடுத்தவர் ரேமோன் சபூரோ. பூஞ்சையை வளர்க்க அவர் வகுத்த ஊடகம் இன்றும் ஆய்வகங்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1910இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதே ஆண்டில், கொழும்பில் பணியாற்றிய கஸ்டெல்லானி, தொடையிடுக்குப் படையிலிருந்து ஒரு புதிய பூஞ்சையை விவரித்தார். இன்று டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் எனப்படும் அது, பின்னர் உலகின் மிகப் பரவலான தோல் பூஞ்சைகளில் ஒன்றாயிற்று.

நோயறிதல் இவ்வளவு கூர்மைப்பட்ட காலத்தில் சிகிச்சை தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தது. பிரேசில் மரமொன்றிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்த ‘கோவாப் பொடி’ இந்தியாவில் படர்தாமரைக்குப் புகழ்பெற்றிருந்தது. 1870களில் லண்டனில் படர்தாமரை என்று கருதி அதைப் பூசியபோது குணமானது உண்மையில் சோரியாசிஸ். தவறான நோயறிதலே சோரியாசிஸுக்கு ஒரு மருந்தைத் தந்தது. நம் வீடுகளில் அரைத்துப் பூசும் சீமை அகத்தி இலையிலும் அதே இனத்து வேதிப்பொருள் இருப்பதால், அந்த வழக்கத்தை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த விட்ஃபீல்டு களிம்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது.

தலைப்படைக்குக் கையாண்ட வழி மிகக் கொடியது. எக்ஸ் கதிரால் முடியை உதிரச் செய்யும் முறையைச் சபூரோவே 1904இல் நெறிப்படுத்தினார். 1950களில் இஸ்ரேலில் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இதற்கு ஆளானார்கள். அவர்களிடையே மூளைக் கட்டிகளும் தைராய்டு புற்றுநோயும் மிகுந்திருப்பதை 1974இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த முறையை வழக்கொழித்தது கிரிசியோஃபல்வின். 1939இலேயே பிரித்தெடுக்கப்பட்ட இம்மருந்து, 1958இல் கினிப்பன்றிகளுக்கு வாய்வழியே கொடுத்துச் சோதித்த பிறகே மருத்துவத்துக்குள் நுழைந்தது.

என் பார்வையில், திருப்புமுனை ஒரு பூஞ்சைக்கொல்லியால் வரவில்லை. ஸ்டீராய்டு களிம்பால் வந்தது. 1952இல் ஹைட்ரோகார்டிசோன் தோலில் பூசத் தகுந்ததாக நிறுவப்பட்டது. 1968இல் ஐவ், மார்க்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் லண்டனிலிருந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டனர்: ஸ்டீராய்டு பூசிய படர்தாமரை தன் வட்டத்தையும் செதிலையும் இழந்து உருமாறுகிறது. தினவு அடங்குவதால் நோயாளி மகிழ்கிறார். பூஞ்சையோ தடையின்றிப் பெருகுகிறது. இந்தியாவில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி மூன்றையும் ஒரே குழாயில் அடைத்துச் சீட்டு இல்லாமலே விற்றார்கள். எந்த நோயென்று பார்க்கும் வேலையே மிச்சம்! செதிலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சில நிமிடம் போதும், செலவும் சொற்பம். அது பல இடங்களில் செய்யப்படவே இல்லை.

கடந்த பத்தாண்டில் இங்கே மாதக்கணக்கில் ஆறாத, குடும்பம் முழுவதையும் பற்றும் படர்தாமரை பெருகியதற்கு இந்தக் கலவைக் களிம்புப் பழக்கமும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர். 2018இல் பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை அரசு, மருத்துவர் சீட்டு தேவைப்படும் ‘எச்’ அட்டவணையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்குள் பூஞ்சையும் மாறிவிட்டிருந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்ட இவ்வினத்தில், டெர்பினாஃபின் என்னும் பூஞ்சைக்கொல்லி தாக்கும் நொதியின் மரபணுவே திரிந்துபோயிருப்பது பரவலாகக் காணப்படுகிறது.

இதே பூஞ்சை தொற்றியதாக 2023இல் நியூயார்க்கில் அறிவிக்கப்பட்ட இரு நோயாளிகளுள் ஒருவர் அண்மையில் வெளிநாடு சென்றவரே அல்லர். சபூரோ வழிவந்த வளர்ப்புச் சோதனை இப்பூஞ்சையை நெருங்கிய இன்னோர் இனமாகவே காட்டியது. மரபணு வரிசையைப் படித்த பிறகே உண்மை இனம் தெரிந்தது.