கேமராப் பை (சாரல் பகுதிகளில்)

கேமராவையும் லென்சுகளையும் அடி, தூசி, ஈரம் படாமல் சுமக்க உதவும், உட்புறம் ஃபோம் திண்டு வைத்த பை. தடுப்புகள் வெல்க்ரோவால் ஒட்டப்படுவதால் அறைகளை மாற்றியமைக்கலாம்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரம் போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவக்காலத்துச் சாரல்தான் பையின் தரத்தைச் சோதிப்பது. பல பைகளில் துணி நீரைத் தாங்கும். தையலும் ஜிப்பும் தாங்கா. ஆகவே மழையுறை தனியே வேண்டும். வழுக்குப் பாறையில் இரு கையும் ஓய்வாயிருக்க, தோள்பையைவிட முதுகுப்பை மேல். அதிலும் முதுகுப் பக்கம் திறப்பது சிறந்தது: முன்பக்கத்தைத் தரையில் கிடத்தித் திறப்பதால் சேறு சட்டையில் ஏறாது, பின்னால் நிற்பவர் கையும் நுழையாது. (குற்றாலத்துக் குரங்குகளுக்கும் இது பொருந்தும்.)

வீட்டில் கேமராவைப் பையிலேயே பூட்டி வைப்பது தவறான பழக்கம். நனைந்த ஃபோம் எளிதில் உலராது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் லென்சின் உள்ளே சிலந்தி வலைபோலப் பூஞ்சை படரக்கூடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பது நல்லது. நீலநிற ஜெல் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானால், சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.