ஏடிஎம் பேசத் தொடங்கியது எப்படி? பார்வையற்றோரின் வங்கி உரிமை குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை

1967 ஜூன் 27 அன்று, லண்டனின் வடக்கே என்ஃபீல்டில் இருந்த பார்க்லேஸ் வங்கிக் கிளையின் சுவரில் பதித்த இயந்திரம் ஒன்றிலிருந்து நடிகர் ரெக் வார்னி பணம் எடுத்தார். அந்த இயந்திரத்தை உருவாக்கியவர் ஷில்லாங்கில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். இன்றைய கார்டு அப்போது இல்லை. கார்பன்-14 ஏற்றிய சிறப்புக் காசோலையைச் செருகி, ரகசிய எண்ணை அழுத்தினால் பத்து பவுண்டு கிடைக்கும். தொகையைத் தேர்ந்தெடுக்கும் வேலையில்லை. வாசித்து முடிவெடுக்க வேண்டிய திரையும் இல்லை. விசைகளின் இடம் கைக்குப் பழகிவிட்டால் பார்வையற்ற ஒருவரும் அதை இயக்கியிருக்கலாம்.

தொழில்நுட்பம் வளர்ந்த பிறகுதான் பார்வையற்றோருக்கு வழி அடைபட்டது. பணம் தரும் இயந்திரம் பார்வையற்றவரைத் தவிர்த்துவிட்டு முன்னேறியதையும், பிறகு அவருடைய புகாரால் திருத்தப்பட்டதையும் கனடா, அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் அனுபவத்தை வைத்து இக்கட்டுரை பின்தொடர்கிறது. குரலை உருவாக்கும் தொழில்நுட்பம் கிடைக்காமல் இந்தத் தாமதம் நேரவில்லை. ஏமாற்றப்படும் ஆபத்து யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு, வாடிக்கையாளருடையது என்ற ஒரே பதிலை வங்கிகள் நெடுங்காலம் வைத்திருந்தன. அதை மாற்ற வேண்டியிருந்தது.

திரையும் பிரெய்லும்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஏடிஎம்முக்குத் திரை வந்தது. இருபுறமும் பொத்தான்கள் வந்தன. இந்தப் பொத்தான்களுக்கு நிலையான பொருள் கிடையாது. ஒரு பக்கத்தில் 'இருப்பு' என்று பொருள்படும் பொத்தான் அடுத்த பக்கத்தில் 'சேமிப்புக் கணக்கு' ஆகும், அதற்கடுத்த பக்கத்தில் 'ரசீது வேண்டாம்' ஆகும். பொத்தான் எதைக் குறிக்கிறது என்பதைத் திரைதான் சொல்லும்.

பார்வையற்றோர் பலர் இதை மனப்பாடத்தால் சமாளித்தனர். வலப்பக்கம் மேலிருந்து இரண்டாவது, பிறகு இடப்பக்கம் மூன்றாவது என்று வரிசையை நினைவில் வைத்துக்கொண்டனர். வங்கி நடுவில் ஒரு விளம்பரப் பக்கத்தைச் செருகிவிட்டால் வரிசை குலைந்துவிடும். மற்றவர்கள் கார்டையும் பின் நம்பரையும் உறவினரிடமோ காவலாளியிடமோ கொடுத்தார்கள். பின் நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எச்சரிக்கும் வங்கிகள், பார்வையற்ற வாடிக்கையாளருக்குச் சொல்வதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை.

1990 ஜூலை 26 அன்று அமெரிக்காவில் ஊனமுற்ற அமெரிக்கர்கள் சட்டம் கையெழுத்தானது. அதன்கீழ் 1991இல் வந்த விதிகள், ஏடிஎம்மின் வழிமுறைகளும் பயன்பாட்டுத் தகவல்கள் அனைத்தும் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுயமாகப் பயன்படுத்தும் வகையில் இருக்க வேண்டும் என்றன. அதை எப்படிச் செய்வது என்று விளக்கவில்லை. வங்கிகள் எளிய வழியைப் பிடித்தன: பிரெய்ல் பட்டைகளை ஒட்டின. காரில் இருந்தபடியே பணம் எடுக்கும் ஏடிஎம்களிலும் பிரெய்ல் வந்தது. கார் ஓட்டுபவருக்கு எதற்குப் பிரெய்ல் என்ற நகைச்சுவை அமெரிக்காவில் நெடுநாள் உலவியது. டாக்சியின் பின் இருக்கையில் பார்வையற்ற பயணி அமர்ந்து வரக்கூடும் என்பது கேலி செய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. பிரெய்ல் பட்டை எப்போதும் ஒன்றையே சொல்லும். திரையோ நொடிக்கு நொடி மாறும். கார்டு செருகும் துளை எது என்று பட்டை சொல்லலாம். 'போதிய இருப்பு இல்லை' என்று அதனால் சொல்ல முடியாது.

புகாரிலிருந்து பிறந்த குரல்

பேசும் ஏடிஎம்மின் தொடக்கம் கனடாவில். ராயல் வங்கியின் பார்வையற்ற வாடிக்கையாளர்களான கிறிஸ், மேரி ஸ்டார்க் இணையர் 1984 முதல் அந்த வங்கியிடம் இந்தச் சிக்கலை எடுத்துச் சொல்லிவந்தனர். 1991இல் அது கனடிய மனித உரிமை ஆணையத்தில் பாகுபாட்டுப் புகாராகப் பதிவானது. 1997 அக்டோபர் 22 அன்று ஒட்டாவாவில் ராயல் வங்கி முதல் பேசும் ஏடிஎம்மைத் திறந்தது. முதல் முறையீட்டுக்கும் முதல் இயந்திரத்துக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்.

அமெரிக்காவில் இன்னொரு வழி கையாளப்பட்டது. லெய்னி ஃபைன்கோல்ட், லிண்டா டார்டேரியன் ஆகிய வழக்கறிஞர்கள் பார்வையற்றோர் அமைப்புகளின் சார்பில் வங்கிகளுக்குக் கடிதம் எழுதினர். வழக்குத் தொடராமல், இரு தரப்பும் உட்கார்ந்து தீர்வைத் தேடும் முறை அது. பின்னாளில் 'கட்டமைக்கப்பட்ட பேச்சுவார்த்தை' என்று பெயர் பெற்றது. 1999 ஜூனில் கலிஃபோர்னியா ஏடிஎம்கள் குறித்து வெல்ஸ் ஃபார்கோ உடன்பட்டது. 2000 மார்ச்சில் பேங்க் ஆஃப் அமெரிக்காவும் உடன்பாட்டுக்கு வந்தது. இடையே 1999 அக்டோபர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மன்றக் கட்டடத்தில் நாட்டின் முதல் பேசும் ஏடிஎம் நிறுவப்பட்டது. இன்னொரு பக்கம், தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு நேரடியாக நீதிமன்றத்துக்கே போனது.

இந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். வாடிக்கையாளர் தன் இயர்போனை அதற்கான துளையில் செருகுகிறார். செருகியதை உணர்ந்த இயந்திரம் பேசத் தொடங்குகிறது. கார்டு துளை எங்கே, எண் பலகை எங்கே, பணம் வரும் வாய் எங்கே என்று முதலில் இடம் சொல்கிறது. பக்கப் பொத்தான்களுக்கு இங்கே வேலையில்லை. 'இருப்பு அறிய 1, பணம் எடுக்க 2' என்று எல்லாம் எண் விசைகளுக்கு வந்துவிடுகின்றன. 5ஆம் எண் மீது மேடான புள்ளி இருப்பதால் விரல் அங்கிருந்து மற்ற எண்களைக் கணக்கிட்டுக்கொள்ளும். பல இயந்திரங்களில் திரையை இருட்டாக்கிவிடவும் முடியும். பின்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. தொகையை அழுத்தியதும் குரல் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி கேட்கிறது.

அமெரிக்க நீதித் துறை 2010இல் வெளியிட்டு 2012 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த தரவிதிகள் இவற்றை நுணுக்கமாக எழுதிவைத்தன. உறுதிசெய்யும் விசையில் மேடான வட்டம், திருத்தும் விசையில் இடப்பக்க அம்பு, ரத்து விசையில் X எழுத்து. பின் நம்பரை அழுத்தும்போது மட்டும் எண்ணைச் சொல்லாமல் வெறும் ஒலி எழுப்பலாம். பார்ப்பவருக்குத் திரை நட்சத்திரக் குறிகளைக் காட்டுவதைப் போல. 1991இல் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போன விதி, இருபது ஆண்டுகளில் விசையின் வடிவம் வரை இறங்கிவந்துவிட்டது.

இந்தியா: இயந்திரத்துக்கு முன்னால் காசோலை

இந்தியாவின் முதல் ஏடிஎம்மை எச்எஸ்பிசி வங்கி 1987இல் மும்பையில் நிறுவியது. ஆனால் இங்கே பார்வையற்றவரின் போராட்டம் இயந்திரத்தில் தொடங்கவில்லை, கவுன்டரில் தொடங்கியது. பட்டம் பெற்றவராக, ஆசிரியராக, வங்கி ஊழியராகவே இருந்தாலும் பார்வையற்ற வாடிக்கையாளரைப் பல கிளைகள் எழுத்தறியாதவரைப் போலவே நடத்தின. கையெழுத்து போடத் தெரிந்தவரிடம் கைநாட்டு கேட்டார்கள். கூட்டுக் கணக்காக மாற்றச் சொன்னார்கள். காசோலைப் புத்தகம் தர மறுத்தார்கள். ஏடிஎம் கார்டு வேண்டாம், ஏமாந்துவிடுவீர்கள் என்றார்கள். மறுப்புக்கெல்லாம் காரணமாகக் காட்டப்பட்டது வாடிக்கையாளரின் பாதுகாப்புதான்.

இந்த வாதத்தை உடைத்தது ஒரு தீர்ப்பு. ஊனமுற்றோருக்கான தலைமை ஆணையர் 2003ஆம் ஆண்டின் 2791ஆம் எண் வழக்கில் 2005 செப்டம்பர் 5 அன்று பிறப்பித்த ஆணை, காசோலை, ஏடிஎம், லாக்கர் உள்ளிட்ட எல்லா வசதிகளையும் பார்வையற்றோருக்குத் தர வேண்டும் என்றது. அதன் 14ஆம் பத்திதான் திருப்புமுனை. ஆபத்து என்பது மற்ற வாடிக்கையாளர்களுக்கும் உண்டு. ஆகவே அதைக் காரணம் காட்டிப் பார்வையற்றவருக்கு மறுக்க முடியாது என்று அது முடிவு செய்தது. இந்திய வங்கிகள் சங்கம் அதே அக்டோபரில் ஆணையை உறுப்பு வங்கிகளுக்கு அனுப்பியது. 2008 ஜூன் 4 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. பார்வையற்றவர் ஒப்பந்தம் செய்யச் சட்டப்படி தகுதியுள்ளவர் என்பதை அதில் வெளிப்படையாகக் குறிப்பிட்டது.

உரிமை காகிதத்தில் வந்த பின் இயந்திரத்தின் முறை. புதிதாக நிறுவும் ஏடிஎம்களில் மூன்றில் ஒரு பங்காவது பிரெய்ல் விசைகளோடு பேசுபவையாக இருக்க வேண்டும் என்று 2009 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. பார்வையற்றவர் முழுமையாகத் தானே இயக்கக்கூடிய நாட்டின் முதல் பேசும் ஏடிஎம் என்று அறிவிக்கப்பட்டது, 2012 ஜூன் 6 அன்று அகமதாபாத்தின் வஸ்திராபூரில் யூனியன் வங்கி திறந்த இயந்திரம். மும்பை புனித சவேரியார் கல்லூரியில் இயங்கும் பார்வையற்றோர் வள மையம் இந்த முயற்சியில் முன்னின்றது. ரிசர்வ் வங்கியின் 2014 மே மாதச் சுற்றறிக்கை 'மூன்றில் ஒரு பங்கை' நீக்கியது: ஜூலை 1 முதல் நிறுவப்படும் எல்லா ஏடிஎம்களும் பேச வேண்டும், பழையவற்றை மாற்ற வங்கிகள் திட்டம் வகுக்க வேண்டும்.

கைக்கு வந்த பின் நோட்டு

ஏடிஎம் பேசினாலும் அது தரும் நோட்டு பேசாது. அமெரிக்க டாலர் நோட்டுகள் எல்லாம் ஒரே அளவு. அது பார்வையற்றோருக்கு எதிரான பாகுபாடு என்று 2006இல் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இந்திய நோட்டு அந்த வகையில் முன்னேறியதாகவே இருந்தது. மகாத்மா காந்தி வரிசையில் 100 ரூபாயின் நீளம் 157 மி.மீ., 500 ரூபாய் 167, 1000 ரூபாய் 177. பத்து மில்லிமீட்டர் வேறுபாட்டை விரல் எளிதில் கண்டுகொள்ளும். அதோடு நூறுக்கு முக்கோணம், ஐந்நூறுக்கு வட்டம் என்று மேடான குறிகளும் இருந்தன.

2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. புதிய 500 ரூபாயின் நீளம் 150 மி.மீ.; அதாவது அப்போது புழக்கத்தில் இருந்த 100 ரூபாயைவிடச் சிறியது. விரலில் பல ஆண்டுகளாகப் பதிந்திருந்த 'நீளமானால் மதிப்பு கூடுதல்' என்ற கணக்கு ஒரே நாளில் பிழையானது. பின்னர் வந்த புதிய 200 ரூபாய் 146 மி.மீ., 100 ரூபாய் 142. அகலம் மூன்றுக்கும் 66தான். நான்கு மில்லிமீட்டரை வைத்து நோட்டைப் பிரிப்பது, பக்கத்தில் ஒப்பிட வேறு நோட்டு இல்லாதபோது மிகக் கடினம். புதிய நோட்டுகளின் ஓரத்தில் மேடான சாய்கோடுகள் சேர்க்கப்பட்டிருந்தாலும், நோட்டு கைமாறிக் கசங்கக் கசங்க மேடு தேய்ந்துவிடும். ஏடிஎம்களின் பணப்பெட்டிகளைப் புதிய அளவுக்குத் திருத்த நாடெங்கும் ஊழியர்கள் அனுப்பப்பட்டனர். பார்வையற்றோர் விரல் பழக்கத்தைத் தாங்களே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 2020 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. செல்போன் கேமராவில் காட்டினால் நோட்டின் மதிப்பை அது சொல்லும்.

கண்ணாடித் திரையும் கண் சிமிட்டலும்

இதற்குள் வங்கி சுவரிலிருந்து செல்போனுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. திரை வாசிப்பான் மென்பொருள் துணையோடு பார்வையற்றோர் பலர் வீட்டிலிருந்தே பணம் அனுப்புகிறார்கள். ஏடிஎம்மைத் தேடிப்போக வேண்டிய அவசியம் குறைந்தது பெரிய மாற்றம். எனினும் பழைய தவறு புதிய வடிவில் திரும்பியது. ஆஸ்திரேலியாவில் காமன்வெல்த் வங்கி கடைகளுக்கு வழங்கிய 'ஆல்பர்ட்' கருவியில் பின் நம்பரை வழவழப்பான தொடுதிரையில் அழுத்த வேண்டியிருந்தது. அதன்மீதான வழக்கு 2019இல் சமரசத்தில் முடிந்தது.

இந்தியாவில் 2020 ஜனவரியில் காணொளி வழியே வாடிக்கையாளரை அடையாளம் காணும் முறையை ரிசர்வ் வங்கி அனுமதித்தது. எதிரில் இருப்பவர் உயிருள்ள மனிதர்தான் என்று உறுதிசெய்ய, இணையவழிச் சரிபார்ப்புகளில் கண்ணைச் சிமிட்டும்படி கேட்கும் வழக்கம் பரவியது. அமிலத் தாக்குதலில் கண் சிதைந்தவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று அளித்த தீர்ப்பு, எண்ணியல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும், கைரேகைப் பதிவையும் ஏற்க வேண்டும் என்பன உட்பட இருபது உத்தரவுகளைப் பிறப்பித்தது. கையெழுத்து போடத் தெரிந்தவர்மீது ஒரு காலத்தில் திணிக்கப்பட்ட கைநாட்டு, இங்கே விரும்புகிறவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வழியாக இடம் பெறுகிறது.

ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. முதல் ஏடிஎம்மிலிருந்து முதல் பேசும் ஏடிஎம் வரை உலக அளவில் முப்பது ஆண்டுகள், இந்தியாவுக்குள் இருபத்தைந்து. காணொளிச் சரிபார்ப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே ஐந்து. இடைவெளி சுருங்கியிருக்கிறது. ஆனால் ஒட்டாவாவிலும் மும்பையிலும் டெல்லியிலும் அதைச் சுருக்கியவர், இயந்திரம் வந்த பிறகு புகார் எழுதிய பயனர்தான். 2025 தீர்ப்பின் உத்தரவுகளில் ஒன்று இந்த வரிசையை மாற்ற முயல்கிறது: புதிய வசதி எதையும் வடிவமைத்து வெளியிடும்போதே, அதன் சோதனைக் கட்டத்தில் பார்வையற்றவர்களைச் சேர்க்க வேண்டும். முந்தைய சுற்றறிக்கைகள் இயந்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லின. இந்த உத்தரவு அதை யார் சோதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.