முதுகில் படும் கையும் மூளையில் நிகழும் மாற்றமும்: வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தை முன்வைத்து

1. களம்

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மேல்விஷாரம் ராணிப்பேட்டையோடு சேர்ந்தது. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. நிர்வாகக் கோடு எப்படிப் போனாலும் தோல் தொழிலுக்கு இது ஒரே வட்டாரம்தான், இதன் முதுகுவலியும் ஒரே வகை. டேனரியில் உப்பிட்ட பச்சைத்தோலைப் பிரித்து அடுக்க வேண்டும். சுண்ணாம்பில் ஊறிக் கனத்த தோலை இழுத்துப் போட வேண்டும். ட்ரம்மிலிருந்து சரியும் ஈரத்தோலைக் குனிந்து அள்ள வேண்டும். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்களோ ஷிப்ட் முழுக்கக் கழுத்தைக் கவிழ்த்து மெஷின்முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

‘இடுப்பு பிடிச்சுக்கிச்சு’ என்று தொடங்கும் வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால் மருத்துவம் அதை நாட்பட்ட வலி என்கிறது. இந்தக் கட்டத்தில்தான் கைவைத்தியம் தேடும் அலைச்சல் தொடங்குகிறது. சுளுக்கு எடுப்பவர், ஆந்திர எல்லைக்கு அப்பால் புத்தூர் கட்டு, சித்த மருத்துவத்தின் தொக்கணம், பிசியோதெரபி, இப்போது வீடியோவில் பார்த்து மயங்கிய ‘நெட்டி முறிப்பு’. பலருக்கு வலி குறைகிறது என்பதை மறுக்க முடியாது. அது எதனால் குறைகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. வலி எங்கே இருக்கிறது

இந்தக் கேள்விக்கான அடிப்படைப் பாடம் வேலூரிலேயே எழுதப்பட்டது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்து போவதற்குக் கிருமி நேரடிக் காரணமில்லை என்று அவர் கண்டார். கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாமல் போகிறது, காயத்தின் மேல் காயம் படுகிறது, விரல் போகிறது. காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-ல் அமைந்த தொழுநோய் ஆய்வு மையம் இந்தப் புரிதலை நோயாளிகளின் பாதுகாப்புச் செருப்பு வரைக்கும் கொண்டுபோனது.

பிராண்ட் பார்த்தது காயம் இருந்தும் வலி இல்லாதவர்களை. டேனரித் தொழிலாளர் பலரிடம் நாம் பார்ப்பது இதன் மறுபக்கம்: திசு ஆறியிருக்கக்கூடும், வலி மட்டும் போகவில்லை. காயமும் வலியும் தனித்தனி என்பதற்கு இரண்டும் சாட்சி. முதுகிலிருந்து மூளைக்குப் போவது ஆபத்துச் சமிக்ஞை. அதை வலியாக்குவதா, எவ்வளவு வலியாக்குவது என்பதை மூளை தீர்மானிக்கிறது. வலி கற்பனை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இப்படிச் சொல்லி நோயாளியை அவமதிக்கும் மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

3. நாட்பட்ட வலியில் மூளை

ஜெர்மனியின் ஹெர்டா ஃப்ளோர் குழு 1997-ல் ஒன்றைக் காட்டியது. நாட்பட்ட முதுகுவலிக்காரர்களின் மூளை உணர்வுப் புறணியில் முதுகுக்கான இடம் இயல்பான நிலையிலிருந்து நகர்ந்திருந்தது. வலி எத்தனை காலம் நீடித்ததோ அதற்கேற்ப மூளையின் எதிர்வினையும் பெருத்திருந்தது. அமெரிக்காவில் வானியா அப்காரியன் குழு 2004-ல் 26 நோயாளிகளை ஆராய்ந்து, நெற்றிக்குப் பின்னுள்ள புறணியிலும் தாலமஸிலும் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருப்பதைக் கண்டது. அக்குழுவின் 2013-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் முக்கியமானது. வலி புதிதாக இருக்கும்போது வலிக்குரிய பகுதிகள் இயங்குகின்றன. ஓராண்டு நீடித்தால் அந்த இயக்கம் உணர்ச்சிக்குரிய பகுதிகளுக்கு மாறிவிடுகிறது. பத்து ஆண்டாக இடுப்புவலி என்று சொல்பவரின் குரலில் கோபமும் பயமும் சேர்ந்து வருவதற்கு உடலியல் காரணமே உண்டு.

சாம்பல்நிறப் பொருளின் குறைவு நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. கனடாவில் டேவிட் செமினோவிச் குழு 2011-ல், அறுவையோ ஊசியோ பலித்து வலி குறைந்தவர்களின் முன்புறணி மீண்டும் தடிப்பதைப் பதிவு செய்தது.

4. கை செய்வது என்ன

4.1 எலும்பு நகர்வதில்லை. ‘டிஸ்க் விலகிடுச்சு, தள்ளி உட்கார வைச்சுட்டேன்’ என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. 1998-ல் துல்பெரி குழு, முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டை நெட்டி முறிப்பதற்கு முன்னும் பின்னும் நுட்பமான எக்ஸ்ரே முறையில் அளந்தது. எலும்பின் நிலை மாறவே இல்லை. ‘டக்’ என்ற சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குழி உண்டாவதோடு சேர்ந்து எழுவது. விரல் மூட்டில் இதை 2015-ல் எம்.ஆர்.ஐ.யிலேயே படம் பிடித்தார்கள். டிஸ்க் பிதுக்கமும் ஸ்கேனில் தெரிந்த அளவுக்கு அச்சத்துக்குரியதல்ல. வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் பிதுக்கம் இருந்தது.

4.2 தண்டுவடம். அழுத்தும்போதும் தட்டும்போதும் தடித்த தொடுநரம்புகள் தூண்டப்பட்டு, வலிச் சமிக்ஞை மேலேறுவதைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகின்றன. மெல்சாக்கும் வாலும் 1965-ல் முன்வைத்த வாயில் கோட்பாடு இதுதான். இடித்த முழங்காலைத் தேய்த்துக்கொள்ளும் யாருக்கும் இது தெரியும்.

4.3 மூளை. எல்லிங்சன் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு நம் வட்டாரத்துக்கு நேராகப் பொருந்துவது. நாட்பட்ட இடுப்புவலி உள்ள 15 பேரும் நலமான 16 பேரும் ஸ்கேனரில் படுத்தபடி, ஒருவர் முதுகை வருத்தும் அசைவுகளைச் செய்யும் காணொளியைப் பார்த்தார்கள். தாமே அதைச் செய்தால் எவ்வளவு வலிக்கும் என்று மதிப்பிட்டார்கள். அசையாமல் படுத்திருந்தும் நோயாளிகள் கூடுதல் வலியை எதிர்பார்த்தார்கள், கூடுதலாக அஞ்சினார்கள். முக்கியமானதை இனம்காணும், பிறர் மனத்தை உய்த்துணரும் பகுதிகளில் மூளை இயக்கமும் கூடியிருந்தது. முதுகெலும்புக் கைவைத்தியத்துக்குப் பிறகு வலியும் எதிர்பார்ப்பும் அச்சமும் குறைந்தன, மூளையின் எதிர்வினையும் தணிந்தது. தோலைக் குனிந்து தூக்கப் போகும் ஒருவரின் உடல் முன்கூட்டியே இறுகுகிறதே, அந்த இறுக்கத்தின் மூல இடத்தைக் கை தொடக்கூடும்.

நியூசிலாந்தில் ஹேவிக் குழு, கழுத்தில் நெட்டி முறித்தபின் மூளையின் உணர்வு மின்னலைகள் சிறிது நேரம் மாறுவதைக் காட்டியது. ஆனால் ஹேவிக் அவ்வைத்தியத்தைக் கற்பிக்கும் கல்லூரியைச் சேர்ந்தவர் என்பதை மனத்தில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

5. எல்லைகள்

ஸ்கேன் ஆய்வுகளில் ஆட்கள் மிகக் குறைவு. கண்ட மாற்றங்களும் பெரும்பாலும் நிமிடங்களுக்கோ நாள்களுக்கோ உரியவை. கையின் விசை எவ்வளவு, வைத்தியர் மேலுள்ள நம்பிக்கை எவ்வளவு என்று பிரிப்பதும் எளிதல்ல. பலனைப் பொறுத்தவரை 2019-ல் ரூபின்ஸ்டைன் குழு 47 சோதனைகளைத் தொகுத்துச் சொன்னது: நாட்பட்ட இடுப்புவலிக்குக் கைவைத்தியம் உடற்பயிற்சி முதலிய பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு ஏறத்தாழ இணை, அவற்றை மிஞ்சியதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில் உடற்பயிற்சி, மசாஜ், முதுகெலும்புக் கைவைத்தியம் ஆகியவை இடம்பெற்றன. நம் ஊரில் பழகிப்போன இடுப்பு பெல்ட்டும் டிராக்‌ஷனும் வழக்கமாகத் தரவேண்டாதவை என்று ஒதுக்கப்பட்டன.

சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இரு தொடைகளுக்கு இடையே மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, இரவுக் காய்ச்சலோடு எடை இறங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதுகில் யாரையும் கைவைக்க விடக்கூடாது. கடைசி அறிகுறி முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம், அது நம் நாட்டில் அரிதல்ல.

6. வட்டாரத்துக்கு இதன் பொருள்

கைவைத்தியம் தரும் தணிவு ஒரு குறுகிய இடைவெளி. அந்த இடைவெளியில் நோயாளி அஞ்சிய அசைவையே மெல்லச் செய்து பழகினால், குனிந்தால் முதுகு ஒடிந்துவிடாது என்று மூளை கற்றுக்கொள்ளும். வெறுமனே படுத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு எழுந்து போனால் அடுத்த வாரம் அதே வைத்திய மேசைக்குத் திரும்புவார். ‘எலும்பு நகர்ந்திருக்கு, கனம் தூக்கினா படுத்துடுவே’ என்ற வாக்கியமோ கை தணித்த அச்சத்தை வாய் திருப்பி ஏற்றுவது. என் கணிப்பில் இந்த வட்டாரத்தில் முதலில் மாற வேண்டியது அந்த வாக்கியம்.

மறுநாள் காலை ட்ரம்முக்குத் திரும்புபவருக்கு அந்த இடைவெளியும் கிடைக்காது. காயம் விளைவிக்கக்கூடிய சுமையை எவரையும் தூக்கவைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொன்னது. தள்ளுவண்டி, இடுப்புயர மேசை, தைப்பு வரிசையில் மணிக்கொரு முறை எழுந்து நிற்க அனுமதி ஆகியவற்றுக்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலை உரிமையாளர்கள் இவற்றைச் செய்து தர வேண்டும். ஈ.எஸ்.ஐ. மருத்துவர்கள் வலி மாத்திரைச் சீட்டோடு பயிற்சியையும், வேலைக்குப் படிப்படியாகத் திரும்பும் குறிப்பையும் எழுதித் தர வேண்டும்.