எவர்ட்டின் 34 அரையிறுதிகள்: ஆடாத தொடர்களும் ஆடிய தரைகளும்

கிறிஸ் எவர்ட்டைப் பற்றிய ஆய்வுகள் இரண்டு எண்களையே சுற்றி வருகின்றன: 18 ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள், களிமண் தரையில் 1973 ஆகஸ்ட் முதல் 1979 மே வரை தோல்வியே இல்லாமல் வென்ற 125 ஆட்டங்கள். 1971 யு.எஸ். ஓப்பன் முதல் 1983 பிரெஞ்சு ஓப்பன் வரை தாம் ஆடிய 34 கிராண்ட் ஸ்லாம் தொடர்களிலும் அவர் அரையிறுதியை எட்டினார் என்பது அடிக்குறிப்போடு நின்றுவிட்டது. அது தொடர்ச்சியே அல்ல என்று ஒரு தரப்பு நெடுநாளாகச் சொல்லிவருகிறது. வசதிப்பட்டவற்றை மட்டும் ஆடியவரின் கணக்கை, ஒரு தொடரும் விடாமல் 23 அரையிறுதி கண்ட ஃபெடரரின் கணக்கோடு சேர்த்துப் பேசலாகாது என்பது அவர்கள் வாதம்.

அவர் விட்டவற்றுள் முக்கியமானவை எவை? 1976, 1977, 1978 பிரெஞ்சு ஓப்பன்கள். அந்த ஆண்டுகளில் அவர் அமெரிக்காவின் உலக அணி டென்னிஸ் போட்டிகளில் ஆடினார். மூன்றும் மேற்சொன்ன 125 வெற்றிகளின் நடுவே வருகின்றன. யாரிடமும் தோற்காத தரையில் நடந்த தொடர்களைக் கைவிட்டவரை, எளியதைப் பொறுக்கி ஆடியவர் என்பது எந்த நியாயம்? பட்டங்கள் சூ பார்க்கருக்கும் மிமா யாவுஷோவெட்ஸுக்கும் விர்ஜினியா ருசிச்சிக்கும் போயின. எவர்ட் ஆடியிருந்தால் வென்றிருப்பார் என்று நான் அறுதியிடவில்லை. அரையிறுதிக்கு முன்பே தோற்றிருப்பார் என்பவர்களே சான்று காட்ட வேண்டும்.

ஆஸ்திரேலிய ஓப்பன் சற்றுச் சிக்கலானது. 1975 முதல் 1980 வரை அவர் அங்கு ஆடவில்லை. அன்று அது புல்தரை. முன்னணியினர் பலரும் அப்போது அங்கே போகவில்லை என்பது விளக்கமாகுமே தவிர நிரூபணமாகாது. ஆயினும் அவர் வாழ்நாளில் அங்கு ஆடியது ஆறு முறை. ஆறு முறையும் இறுதி ஆட்டம்வரை போனார்.

தரைவாரியாகப் பிரித்தால் வேறொன்று புலப்படுகிறது. 34இல் புல்தரை 18, களிமண் 11, கடினத் தரை 5. யு.எஸ். ஓப்பன் 1974 வரை புல்லிலும், அடுத்த மூன்றாண்டு களிமண்ணிலும், 1978 முதல் கடினத் தரையிலும் நடந்ததை நினைவில் கொள்ளாதவர்களுக்கு இவ்விகிதம் வியப்பளிக்கலாம். களிமண்ணில் 11க்கு 8 பட்டம். புல்லில் 18க்கு 4 மட்டுமே. பட்டங்களை எண்ணுவோர் இதைப் புல்தரைப் பலவீனம் என்று முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. பந்து தாழ்ந்து வழுக்கும் அந்தத் தரை, வலைக்கு ஓடிவரும் கிங், நவ்ரத்திலோவா போன்றோருக்கு வாகானது. பேஸ்லைனை விட்டு நகரத் தயங்கும் ஒருவர் அங்கே 18 முறையும் கடைசி நால்வரில் நின்றிருக்கிறார். களிமண் திறமையால் மட்டும் இதை விளக்க முடியாது.

அக்காலப் பெண்கள் ஆட்டத்தில் முதற்சுற்றுகள் எளிது என்ற மறுப்பும் உண்டு. அந்த எளிமை எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. 34ஐ வேறெவரும் எட்டவில்லை.

வரிசை அறுந்தது புல்லில்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1983 விம்பிள்டன் மூன்றாம் சுற்றில் கேத்தி ஜோர்டானிடம் நேர் செட்களில் தோற்றார். பின்னர் ஆடிய 21 தொடர்களில் அரையிறுதி தவறியவை மூன்று: இரண்டு கடினத் தரையில், ஒன்று அவருடைய சொந்தக் களமான களிமண்ணில். புல்தரையில் ஆடிய 27 கிராண்ட் ஸ்லாம்களில் தவறியது அந்த ஒன்றே.